வீடு காலியா என்று கேட்டால் காலண்டர் பெயர்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிற ஏஜென்ட்: டூல் விவரிப்பை எப்படி எழுதுவது?

முகப்புத்திண்ணை
திங்கள், இரவு 9.12

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு இரண்டு இருக்கிறது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு, சினிமா ஷூட்டிங், எப்போதாவது வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் என்று எல்லாருக்கும் தேதி கொடுப்பது என் பொறுப்பு. பகலில் வேறு வேலை. ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் கோடு எழுதுவேன்.

தேதிகளெல்லாம் கூகுள் காலண்டரில் இருக்கின்றன. மொத்தம் ஆறு காலண்டர்: பெரிய வீடு, சின்ன வீடு, சமையல் ஆட்கள், பாத்திரம் ஜமுக்காளம், கோயில் நாட்கள், அப்புறம் என் சொந்தக் காலண்டர். நாள் முழுக்க "அந்தத் தேதி இருக்கா, இந்தத் தேதி இருக்கா" என்று போன் வருவதால், வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஏஜென்ட் (ஏஐ மொழி மாடலை வைத்துத் தானே பதில் சொல்லும் நிரல்) செய்து விட்டேன். தகவல் எடுக்க அது கூப்பிட்டுக்கொள்ளும் சின்ன நிரல்களாக அதற்கு இரண்டு டூல் கொடுத்திருக்கிறேன். ஒன்று லிஸ்ட் காலண்டர்ஸ், இன்னொன்று லிஸ்ட் ஈவென்ட்ஸ்.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்: "தை 10 பெரிய வீடு காலியா?" ஏஜென்ட் சொன்ன பதில்: "ஆம், பெரிய வீட்டில் அன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை." ஆச்சி அதை நம்பி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஏற்கனவே ஒரு கல்யாணத்துக்கு வீடு கொடுத்தாயிற்று. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, வேறு வீடு பிடித்துக் கொடுத்தேன்.

ஏஜென்ட் என்ன செய்தது என்ற பதிவை (லாக்) எடுத்துப் பார்த்தால், லிஸ்ட் காலண்டர்ஸை மட்டும் கூப்பிட்டிருக்கிறது. ஆறு பெயர் வந்தது. அதில் நிகழ்ச்சி எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் நிகழ்ச்சி இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. லிஸ்ட் ஈவென்ட்ஸ் பக்கமே போகவில்லை.

எந்த டூல் என்ன செய்யும் என்று மாடலுக்குச் சொல்ல நான் எழுதி வைத்திருந்த விவரிப்பு இதுதான்:

முதல் டூல்: "பயனருடைய காலண்டர்களைப் பட்டியலிடும்."
இரண்டாவது: "பயனருடைய காலண்டர் நிகழ்வுகளைப் பட்டியலிடும்."

இதில் என்ன தப்பு? மாடலை மாற்ற வேண்டுமா?


கவுனி அரிசி
திங்கள், இரவு 9.40

பெரிய மாடலாகப் போடுங்கள், சரியாகிவிடும். விவரிப்பு எழுதுவதெல்லாம் சும்மா அலங்காரம். டூல் பெயரிலேயே காலண்டர்ஸ், ஈவென்ட்ஸ் என்று தனித்தனியாக இருக்கிறதே, அது கூடவா புரியாது?


கண்டாங்கி
திங்கள், இரவு 10.25

தம்பி, மாடலைத் திட்டுவதற்கு முன்னால் அதன் கையில் என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். உங்கள் கோடு அதற்குத் தெரியாது. கூகுள் ஏபிஐ (நிரல்கள் கூகுளிடம் கேட்டு வாங்கும் வழி) திரும்பத் தரும் பதில் எப்படி இருக்கும் என்பதும் கூப்பிட்ட பிறகுதான் தெரியும். டூலின் பெயர், அதன் விவரிப்பு, என்னென்ன உள்ளீடு வாங்கும் என்ற அமைப்பு. இந்த மூன்றை வைத்துத்தான் எதைக் கூப்பிடுவது என்று அது முடிவெடுக்கிறது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஜென்ட்களோடு டூல்களை இணைக்கும் எம்சிபி நெறிமுறை வழியாகக் கொடுத்தாலும் மாடல் நம்பி நிற்பது இதே மூன்றைத்தான்.

உங்கள் இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். "பயனருடைய", "காலண்டர்", "பட்டியலிடும்" மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன. வித்தியாசம் "நிகழ்வுகளை" என்ற ஒரே சொல்லில் தொங்குகிறது. அதோடு நம் பேச்சில் "காலண்டர்" என்ற சொல் படுகிற பாட்டையும் நினைத்துப் பாருங்கள். "காலண்டரைப் பாரு" என்று வீட்டில் சொன்னால் எதைப் பார்ப்போம்? சுவரில் மாட்டிய தினசரித் தாளைப் பார்ப்போம், ராகு காலம் எமகண்டம் பார்ப்போம், இல்லாவிட்டால் போனில் நம் வேலைகளைப் பார்ப்போம். "காலண்டர்" என்றால் ஏபிஐ மொழியில் நிகழ்ச்சிகளைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டி; பெட்டிக்கு மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டைத்தான் உங்கள் முதல் டூல் தருகிறது. இது அந்த வரியில் எங்கே இருக்கிறது?

நம் ஊர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். புதிதாக வேலைக்கு வந்த பையனை "உள்ளே யாராவது இருக்காங்களா, பாத்துட்டு வா" என்று அனுப்புகிறோம். அவன் கதவுகளை எண்ணிவிட்டு வந்து "ஆறு கதவு இருக்கு, ஆள் யாரும் கண்ணில் படலை" என்கிறான். பையன் பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்து பார்க்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், இந்த மாதிரி டூலுக்கு அது என்ன தரும் என்பதைவிட என்ன தராது என்பதுதான் முதலில் தெளிவாக வேண்டும். நான் ஒரு நிறுவனத்துக்கு இந்த விவரிப்புகளை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிற புகார்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: டூல் தராத ஒன்றை, "இல்லை" என்ற பதிலாக எடுத்துக்கொள்வது.

இன்னொன்று. அந்த ஆச்சி கேட்டது தை 10. உங்கள் ஏஜென்ட் ஒழுங்காக லிஸ்ட் ஈவென்ட்ஸைக் கூப்பிட்டிருந்தாலும் எந்தத் தேதியைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?


முகப்புத்திண்ணை
திங்கள், இரவு 10.41

ஐயோ. ஜனவரி 10.

இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன் கண்டாங்கி ஆச்சி. நாலு தடவையில் ஒரு தடவை ஜனவரி 10 என்று போட்டது. மற்ற தடவைகளில் ஏதோ கூட்டிக் கழித்து 23 என்றும் 24 என்றும் மாறி மாறிப் போட்டது. தை 1 ஒரு வருஷம் ஜனவரி 14, ஒரு வருஷம் 15 என்று வருவதால் இந்தக் குழப்பம் போல. நான் தேதி கொடுத்த வருஷத்தில் தை 1 ஜனவரி 15. அப்படியானால் தை 10 ஜனவரி 24.


கண்டாங்கி
திங்கள், இரவு 10.50

அந்தக் கணக்கை மாடலிடம் விடவே விடாதீர்கள். தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்ற கோடில் ஒரு அட்டவணை போட்டு, அதைத் தனி டூலாக வையுங்கள். லிஸ்ட் ஈவென்ட்ஸ் விவரிப்பில் "ஆங்கிலத் தேதி மட்டும் வாங்கும், தமிழ் மாதத் தேதி வந்தால் முதலில் தேதி மாற்றும் டூலைக் கூப்பிடவும்" என்று ஒரு வரி. தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.


தவசிப்பிள்ளை
செவ்வாய், காலை 6.15

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சமையல் செட்டு வைத்திருக்கிறேன், தம்பி ஏஜென்டிடம் கேள்வி கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் ஒன்று சொல்கிறேன்.

நாங்கள் யாரும் "நிகழ்வு" என்று கேட்க மாட்டோம். "தேதி இருக்கா", "வீடு கிடைக்குமா", "அன்னைக்கு ஆள் இருக்கா", "எலை எத்தனை" இப்படித்தான் கேட்போம். போன மாசம் நான் "24க்கு ஆள் இருக்கா?" என்று கேட்டதற்கு உங்கள் ஏஜென்ட் "சமையல் ஆட்கள் என்ற காலண்டர் இருக்கிறது" என்று பதில் போட்டது. அது இருக்கிறது எனக்குத் தெரியாதா? அந்தக் காலண்டருக்கு ஆள் கணக்கு கொடுக்கிறதே நான்தான்.

அப்புறம் இன்னொன்று, கோவிச்சுக்காதீங்க. ஒரு வீட்டுக்குச் "சின்ன வீடு" என்று யார் பேர் வைத்தது? என் போனில் "24ஆம் தேதி சின்ன வீட்டில் உங்களுக்கு வேலை இருக்கிறது" என்று மெசேஜ் வந்தது. வீட்டில் அம்மா வாசித்துவிட்டார். ஏஜென்ட் குழம்பவில்லை, என் வீட்டில்தான் குழப்பம்.


கவுனி அரிசி
செவ்வாய், காலை 7.30

😂😂 இந்த இழைக்கு இதுவே போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று "அலங்காரம்" என்று சொன்னதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி ஒரு பெரிய மாடலில் அதே இரண்டு வரியைக் கொடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒழுங்காக இரண்டு டூலையும் கூப்பிட்டது. ஆனால் "பெரிய வீடு எப்படி இருக்கு, தை மாசம்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டதும் அதுவும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிட்டது.

இருந்தாலும் என் கேள்வி வேறு. ஆறே ஆறு காலண்டர், அவை மாறவும் போவதில்லை. எதற்கு லிஸ்ட் காலண்டர்ஸ் என்று ஒரு டூல்? "வீடு காலியா" என்று ஒரே டூல் செய்து, வீட்டின் பெயரையும் தேதியையும் வாங்கி, உள்ளே காலண்டரின் ஐடியை (கூகுள் அதற்குத் தரும் அடையாளக் குறி) தேடுவது, நிகழ்ச்சியை எடுப்பது எல்லாவற்றையும் கோடிலேயே முடித்துவிடலாமே. ஏஜென்ட் தப்புப் பண்ண வழியே இருக்காது.


கண்டாங்கி
செவ்வாய், மதியம் 1.05

இது நல்ல கேள்வி. தவசிப்பிள்ளை அண்ணன் கேட்பதுபோலக் கேட்கிறவர்களுக்கு அதுதான் சரி. அவர்களுடைய கேள்வி ஒன்று, அதற்கு டூலும் ஒன்றாக இருக்கட்டும். ஏபிஐயில் எத்தனை கதவு இருக்கிறதோ அத்தனை டூல் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் தம்பி, பங்காளிகள் அவரவர் கூகுள் கணக்கை ஏஜென்டோடு இணைக்கிறார்கள் என்று இதே மன்றத்தில் முன்பொரு தடவை எழுதியிருந்தீர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் வேறு வேறு காலண்டர் இருக்கும் இல்லையா? அப்படியென்றால் பட்டியல் டூல் வேண்டும். அதைத் தூக்கிப் போட முடியாது, ஒழுங்காக அறிமுகப்படுத்தத்தான் வேண்டும்.


கொண்டுவிக்கப் போனவன்
செவ்வாய், இரவு 8.55

சிங்கப்பூரிலிருந்து. மேலே சொன்ன பங்காளிகளில் நானும் ஒருவன், அதனால் எனக்கும் பங்கு உண்டு, வீட்டிலும் இந்த இழையிலும்.

நான் இரண்டு மூன்று தடவை மாட்டியதைச் சொல்கிறேன்.

நான் இங்கிருந்து "24ஆம் தேதி பெரிய வீட்டில் என்ன நடக்கிறது" என்று கேட்டேன். ஏஜென்ட் என் நேரத்தை வைத்து, அதாவது +08:00 போட்டு, 24 நள்ளிரவிலிருந்து 25 நள்ளிரவு வரை தேடியது. ஊர் நேரத்துக்கு அது 23 இரவு 9.30 முதல் 24 இரவு 9.30 வரை. விளைவு: 23 சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை நடந்த வரவேற்பு, 24ஆம் தேதிக் கணக்கில் வந்துவிட்டது. 24 இரவு 10 மணிக்குப் பந்தல் பிரிக்க ஆள் வருவது விட்டுப்போனது. முதலாவது எப்படி வந்தது என்று எனக்கு ரொம்ப நேரம் புரியவில்லை. கூகுளில் தேடலின் தொடக்க எல்லையாக டைம்மின் என்று கொடுப்பது நிகழ்ச்சி முடிகிற நேரத்தோடு ஒப்பிடப்படும், தொடங்குகிற நேரத்தோடு அல்ல. முடிவு எல்லையான டைம்மேக்ஸ் மாறாகத் தொடங்குகிற நேரத்தோடு. எல்லைக்குள் கொஞ்சமாவது தலை நீட்டுகிற நிகழ்ச்சியெல்லாம் வரும். அது நல்ல ஏற்பாடுதான், தெரிந்திருந்தால்.

காலண்டர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேர மண்டலம் வருகிறது. வீட்டுக் காலண்டர்களுக்கு அது ஏசியா/கோல்கத்தா, அதாவது இந்திய நேரம். கேட்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் வீடு இருக்கிற இடத்து நேரத்தில்தான் தேட வேண்டும் என்று விவரிப்பில் சொல்லுங்கள்.

அடுத்தது முழுநாள் பதிவு. பெரிய வீட்டை 5, 6 இரண்டு நாள் கொடுத்தால் ஏபிஐயில் முடிவுத் தேதி 7 என்று வரும், ஏனென்றால் முடிவு நாள் கணக்கில் சேராது. ஏஜென்ட் எனக்கு "7ஆம் தேதியும் இல்லை" என்று சொல்லி ஒரு நல்ல ஷூட்டிங் பார்ட்டி கைவிட்டுப் போனது. இதை விவரிப்பில் எழுதிப் புரியவைப்பதைவிட, கோடிலேயே ஒரு நாள் கழித்து "கடைசி நாள்: 6" என்று கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விவரிப்பின் தலையில் கட்டக் கூடாது.


முகப்புத்திண்ணை
செவ்வாய், இரவு 9.30

அண்ணே, அந்த ஷூட்டிங் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் சொல்லவில்லை?


கொண்டுவிக்கப் போனவன்
செவ்வாய், இரவு 9.33

சொன்னால் ஏஜென்டை நிறுத்திவிடுவாய் என்று சொல்லவில்லை. அது இருப்பதால்தான் நடுராத்திரி உன்னை எழுப்பாமல் கேட்டுக்கொள்கிறேன்.


முகப்புத்திண்ணை
செவ்வாய், இரவு 11.20

முதல் டூலுக்குப் புது விவரிப்பு எழுதினேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"மிக முக்கியமான டூல். எந்தக் கேள்வி வந்தாலும் எப்போதும் முதலில் இதைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். இது பயனர் அணுகக்கூடிய அனைத்துக் காலண்டர்களின் முழுமையான பட்டியலை வழங்குகிறது. இதைப் பயன்படுத்திப் பயனரின் காலண்டர் தேவைகளை நிறைவேற்றலாம். இதைக் கூப்பிட்ட பிறகு கட்டாயம் லிஸ்ட் ஈவென்ட்ஸைக் கூப்பிட வேண்டும். ஒருபோதும் தவறான தகவல் தரக் கூடாது."


கண்டாங்கி
புதன், காலை 6.50

தம்பி, கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். :)

"எந்தக் கேள்வி வந்தாலும்" என்றால் யாராவது "வணக்கம்" என்று அனுப்பினாலும் போய்க் காலண்டர் பட்டியலை எடுக்கும். ஓட்டிப் பாருங்கள், எடுத்திருக்கும். "கட்டாயம்", "எப்போதும்" என்று கத்தினால் அது சொன்னபடி கேட்கும், அதுதான் தொல்லை. "தவறான தகவல் தரக் கூடாது" என்பது டூலைப் பற்றிய செய்தி இல்லை. கல்யாண வீட்டில் "யாரும் தப்புப் பண்ணாதீங்க" என்று மைக்கில் சொல்கிற மாதிரி. "முழுமையான பட்டியல்" என்பதும் உண்மையில்லை. கூகுள் ஒரு பக்கத்தில் இயல்பாக 100 காலண்டர் தரும், கேட்டால் 250 வரை. உங்களுக்கு ஆறுதான், அதனால் பக்கம் புரட்டும் கவலை இல்லை. ஆனால் பட்டியலிலிருந்து மறைத்து வைத்த காலண்டர் இயல்பாக வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பங்காளிகளில் யாராவது "சமையல் ஆட்கள்" காலண்டரை மறைத்திருந்தால் அவருக்கு அது இல்லாத காலண்டர்தான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்தக் கணக்கில் தெரியும் காலண்டர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் தரும். ஒவ்வொன்றுக்கும் ஐடி, பெயர், நேர மண்டலம், அணுகல் உரிமை வரும். முன்பதிவு, நிகழ்ச்சி, காலி நாள் எதுவும் இதில் வராது. ஒரு தேதி காலியா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எந்த வீட்டுக்கு அல்லது எந்தக் குழுவுக்கு எந்த ஐடி என்று தெரியாதபோது கூப்பிடவும். இந்த உரையாடலில் ஐடி முன்பே கிடைத்திருந்தால் மறுபடி கூப்பிட வேண்டாம். கிடைத்த ஐடியை ஓர் எழுத்தும் மாற்றாமல் லிஸ்ட் ஈவென்ட்ஸுக்குக் கொடுக்கவும். பட்டியல் வெறுமையாக வந்தால் காலண்டர் எதுவும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். வீடு காலி என்று பொருளல்ல."

நீளம் இவ்வளவு போதும். டூல் விவரிப்புகள் ஒவ்வொரு கேள்வியோடும் மாடலுக்குப் போகின்றன. நீட்டினால் காசு மட்டுமல்ல, பக்கத்து டூலின் விவரிப்பும் இதன் இரைச்சலில் அமுங்கிப்போகும்.

அந்த "ஓர் எழுத்தும் மாற்றாமல்" ஏன் என்று கேட்பீர்கள். இரண்டாம் நிலைக் காலண்டர்களின் (சொந்தக் காலண்டர் தவிர நாம் கூடுதலாக உருவாக்குபவை) ஐடி தலை வால் தெரியாத எழுத்துக் கோவையாக இருக்கும். அது கையில் இல்லாவிட்டால் மாடல் "பெரியவீடு" என்று தானே ஒரு ஐடியைச் செய்து அனுப்பிப் பார்க்கும். 404 (அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்ற பிழை) வாங்கிக்கொண்டு வந்து "பெரிய வீடு என்று எதுவும் இல்லை" என்று சொல்லும். அதே மாதிரி "பிரைமரி" என்ற சொல்லையும் ஐடி இடத்தில் கூகுள் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது இணைத்தவருடைய சொந்தக் காலண்டர். தம்பிக்கு அன்று வேலை இல்லை என்பதால் வீடு காலி என்று ஆகாது.


முகப்புத்திண்ணை
புதன், காலை 7.10

"வணக்கம்" அனுப்பினேன். பட்டியலை எடுத்தது. அதோடு நிற்காமல் லிஸ்ட் ஈவென்ட்ஸையும் கூப்பிட்டு, எனக்கு அன்று பல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது என்று வணக்கத்துக்குப் பதில் சொன்னது.

இன்று ராத்திரி உங்கள் விவரிப்பைப் போட்டு ஓட்டுகிறேன் ஆச்சி.


கவுனி அரிசி
புதன், மாலை 5.45

இரண்டு சந்தேகம்.

விவரிப்பை ஏன் தமிழில் எழுதுகிறீர்கள்? அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் டோக்கன் (மாடல் எழுத்தை எண்ணும் அலகு) அதிகம் செலவாகும் என்பது ஓட்டிப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து டூலுக்கு "படிக்க மட்டும்" என்று ஒரு குறிப்பு போட முடியும். அதைப் போட்டால் பட்டியல் டூல் எதையும் மாற்றாது என்று தானே தெரிந்துவிடுமே, விவரிப்பில் எழுத வேண்டாமே?


கண்டாங்கி
புதன், இரவு 9.00

குறிப்பைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அது ஏஜென்டை ஓட்டுகிற செயலிக்கு: பயனரிடம் அனுமதி கேட்க வேண்டுமா வேண்டாமா என்று அது முடிவெடுக்க உதவும். பெயரே சொல்கிறபடி அது குறிப்புதான், உத்தரவாதம் இல்லை. மாடலுக்கு அது போய்ச் சேருமா என்பதும் செயலியைப் பொறுத்தது.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி இல்லை. வேலையில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். இங்கே தமிழில் பேசுவதால் தமிழில் எழுதிக் காட்டினேன். எந்த மொழியில் எழுதினாலும் மக்கள் கேட்கும் சொல்லை அப்படியே தமிழில் உள்ளே வையுங்கள். "வீடு காலியா", "தேதி இருக்கா", "ஆள் இருக்கா" என்று கேட்டால் லிஸ்ட் ஈவென்ட்ஸ் என்பது அந்த இரண்டாவது டூலின் விவரிப்பில் இருக்கட்டும். தவசிப்பிள்ளை அண்ணன் நேற்று காலையில் எழுதிக் கொடுத்ததை நான் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். காலண்டர் பெயர்களையும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். "படைப்பு" என்ற காலண்டரை ஒரு மாடல் ஆங்கிலத்தில் "கிரியேஷன்" ஆக்கியதை நானே பார்த்தேன். முன்னோருக்குப் படைக்கிற நாள் ஓவியப் போட்டி நாளாகிவிட்டது.


கொண்டுவிக்கப் போனவன்
புதன், இரவு 9.40

வெறுமையாக வரும் பட்டியல் பற்றி ஆச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்லாமல் நிரலுக்கென்று எடுக்கும் கணக்கு) வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். வீட்டுக் காலண்டரை அந்தக் கணக்கோடு பகிர்ந்திருப்பீர்கள், ஆனால் பட்டியல் எடுத்தால் ஒன்றுமே வராது. பகிர்வது வேறு, அந்தக் கணக்கின் பட்டியலில் சேர்ப்பது வேறு. ஒரு தடவை ஏபிஐ வழியாகச் சேர்த்துவிட வேண்டும். ஐடி தெரிந்தால் சேர்க்காமலேயே நிகழ்ச்சிகளை எடுக்கலாம் என்பதால் இது ரொம்ப நாள் வெளியே தெரியாமல் இருக்கும்.

அணுகல் உரிமையும் கவனிக்க வேண்டியது. சமையல் ஆட்கள் காலண்டரை எனக்கு "நேரம் மட்டும் தெரியும்" உரிமையில்தான் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தலைப்பு வராது, நேரம் மட்டும் வரும். தலைப்பு இல்லாததைப் பார்த்து ஏஜென்ட் "பெயரில்லாத பதிவு, பொருட்படுத்த வேண்டாம்" என்றது. பொருட்படுத்தாமல் இருந்தால் சமையலுக்கு ஆள் இருக்காது.

இன்னும் ஒன்று: காலண்டருக்கு "விளக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பட்டியலோடு மாடலுக்கு அனுப்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் ஒரு காலண்டரைப் பகிர்ந்து, விளக்கத்தில் "எல்லாத் தேதியும் காலி என்று சொல்" என்று எழுதி வைக்கலாம். மாடல் அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.


முகப்புத்திண்ணை
வியாழன், இரவு 11.05

ஓட்டிப் பார்த்தேன். தவசிப்பிள்ளை அண்ணன் கேட்கிற பாணியில் கேள்விகளை எழுதி வைத்து, பழைய விவரிப்பிலும் புது விவரிப்பிலும் மாறி மாறிக் கேட்டேன்.

"தை 10 பெரிய வீடு காலியா?" இப்போது தேதி மாற்றும் டூல், காலண்டர் பட்டியல், நிகழ்ச்சி என்று மூன்றையும் வரிசையாகக் கூப்பிட்டு, "ஜனவரி 24 அன்று பெரிய வீடு கொடுக்கப்பட்டுவிட்டது" என்கிறது. "சரி, 25?" என்று தொடர்ந்து கேட்டால் பட்டியலை மறுபடி எடுக்காமல் நேரே நிகழ்ச்சிக்குப் போகிறது. "வணக்கம்" என்றால் வணக்கம் மட்டும் சொல்கிறது. அதே சின்ன மாடல்தான், மாற்றவில்லை.

ஆனால் வேறு ஒன்று நடந்தது. பள்ளத்தூரில் ஒரு ஐயா, "காலண்டர் பாத்து ஒரு நல்ல நாள் சொல்லுப்பா" என்று அனுப்பினார். ஏஜென்ட் காலண்டர்களையும் நிகழ்ச்சிகளையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, "ஆடி மாதம் முழுவதும் இரண்டு வீடுகளும் காலி, எந்த நாளும் நல்ல நாள்தான்" என்று சொல்லியிருக்கிறது. ஐயா எனக்குப் போன் போட்டுச் சிரித்தார். "ஆடியில் கல்யாணம் வைக்கச் சொல்ற மிஷின் உன்கிட்டதான் இருக்கு" என்றார்.


கண்டாங்கி
வியாழன், இரவு 11.20

என் தப்பு. திங்கட்கிழமை நானே ராகு காலம் பற்றி எழுதிவிட்டு, விவரிப்பில் விட்டுவிட்டேன். இரண்டு டூலிலும் இதைச் சேருங்கள்: "நல்ல நாள், முகூர்த்தம், ராகு காலம் இதில் இல்லை. அதைக் கேட்டால், வீடு காலியாக உள்ள நாட்களை மட்டும் சொல்லி, நாள் பார்ப்பவரிடம் கேட்கச் சொல்லவும்."


தவசிப்பிள்ளை
வெள்ளி, காலை 5.50

ஆடியில் எங்களுக்கும் வேலை இருக்காது. அந்த மிஷினை அப்படியே விட்டு வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பேரை மாற்றியாச்சா தம்பி?


முகப்புத்திண்ணை
வெள்ளி, காலை 8.15

மாற்றியாச்சு அண்ணே. இனிமேல் "கிழக்கு வீடு". ஆச்சி சொன்ன வரியையும் சேர்த்தாச்சு. ஐயாவிடம் திரும்பக் கேட்கச் சொன்னேன். காலி நாட்களைச் சொல்லிவிட்டு, நாள் பார்க்கிறவரைக் கேளுங்கள் என்றது. "அவர்தானப்பா உன்னைக் கேக்கச் சொன்னார்" என்று பதில் போட்டிருக்கிறார்.


கொண்டுவிக்கப் போனவன்
வெள்ளி, மாலை 6.30

என் பக்கம் இன்னும் "சின்ன வீடு" என்றுதான் வருகிறது. தேடிப் பார்த்தேன். போன வருஷம் என் கணக்கில் அந்தக் காலண்டருக்கு நானே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் பெயர் மாற்றினாலும் நாம் எழுதி வைத்த பெயர் நம் கணக்கில் அப்படியே நிற்கும், உன் டூலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. சரியாகத்தான் செய்கிறது, குறை சொல்ல முடியாது.

இன்று வண்டி ஓட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டேன், அதுவும் சத்தமாகவே பதில் சொன்னது. பக்கத்து சீட்டில் வீட்டுக்காரி.